ஓரம் வெட்டாத படம்

ஒரு பழைய போட்டோவால் அப்படி என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, அரியலூர் மாவட்டத்தின் விக்கிரமங்கலம் வட்டாரத்தில் ஒரு வழக்கே பதிலாக இருக்கிறது. பக்கத்து ஊரான ஸ்ரீபுரந்தானில் பிரகதீஸ்வரர் கோயிலின் ஐம்பொன் சிலைகள் களவு போயிருப்பது 2008-ல்தான் தெரியவந்தது. வழக்கு விக்கிரமங்கலம் காவல் நிலையத்தில் பதிவானது. அதே ஆண்டில் அந்தக் கோயிலின் நடராஜரை, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியிருந்தது. கான்பெராவில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சிலை ஸ்ரீபுரந்தானில் பூஜை கண்ட சிலைதான் என்று எதை வைத்து நிரூபிப்பது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில், 1990-களில் எடுத்த படங்கள் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அந்த நடராஜரை டெல்லியில் நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். அந்தப் படம் சாட்சி சொல்ல முடிந்ததற்குக் காரணம் எளிது. உருவம் முழுசாக இருந்தது. அழகுபடுத்துகிறேன் என்று யாரும் அதில் கை வைக்கவில்லை. எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்பு கூடவே இருந்தது.

இதே வட்டாரத்து வீடுகளின் கூடத்தில் இப்போது டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம். சென்னை, திருப்பூர் என்று போனவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது. ஊரில் அப்பாயியும் தாத்தாவும்தான். விடுமுறைக்கு வரும் பிள்ளை பெட்டியில் கொண்டுவந்து, பிளக்கில் சொருகி, மெமரி கார்டில் நானூறு ஐந்நூறு படங்களைப் போட்டுவிட்டுப் போகிறான். படம் ஓடுகிறது, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஸ்ரீபுரந்தான் படத்தைக் காப்பாற்றிய அந்த மூன்று குணங்களையும் ஃபேக்டரி செட்டிங்ஸ் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்கிறது. படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, முகத்தின் நிறம் மாறுகிறது, காலம் கலைந்துபோகிறது. ஒரு குடும்பம் தன் நினைவை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை எங்கோ இருக்கும் ஓர் ஆலை தீர்மானித்து அனுப்பியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தை அந்த வீட்டுப் பெரியவர்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. அதற்கு மெனுவைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

ஆலைக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ட்யூப் லைட் வெள்ளமாகக் கொட்டும் கடையில், பத்துப் பதினைந்து திரைகளுக்கு நடுவே, வாங்க வந்தவர் கண்ணில் தன் சரக்கு முதலில் பட வேண்டும் என்பதற்காக வைத்த அமைப்பு அது. அதனால்தான் வெளிச்சம் உச்சத்தில், நிறம் அடர்த்தியில், படம் திரையை முழுக்க அடைத்துக்கொண்டு, ஐந்து அல்லது பத்து விநாடிக்கு ஒரு தடவை சுழன்றும் சறுக்கியும் மாறுகிறது. கடைக்கு அது சரி. ஓடு வேய்ந்த வீட்டின் கூடத்தில், சாயங்காலம் ஒரே ஒரு பல்பு எரியும் இடத்தில், அதே அமைப்பு வேறு வேலை செய்கிறது.

முதலில் மாற்ற வேண்டியது படம் திரையில் உட்காரும் விதத்தை. மெனுவில் இது ‘ஃபில்’, ‘ஃபிட்’ என்று இரண்டு வார்த்தைகளாக இருக்கும். ஃபில் என்றால் திரையில் ஓர் இடமும் காலியில்லாமல் படத்தைப் பெரிதாக்கி, மிஞ்சியதை வெட்டிவிடும். ஃபிட் என்றால் முழுப் படமும் தெரியும். பக்கத்தில் இடம் காலியாக விடும். பல ஃப்ரேம்கள் ஃபில்லில்தான் வருகின்றன. இதனால் எவ்வளவு இழப்பு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படுக்கை வாட்டத்தில் 1280-க்கு 800 புள்ளிகள் உள்ள திரையில், போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 3-க்கு 4 படத்தைப் போட்டால், ஃபில் அமைப்பு அதில் பாதிக்கும் மேல் வெட்டித் தள்ளுகிறது. தெரிவது 47 சதவீதம்தான். இங்கிருந்து அதிக தூரமில்லாத கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் குடும்பத்தோடு போகாதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. சுமார் 55 மீட்டர் உயர விமானத்தின் முன்னால் நின்று எல்லோரும் போனை நிமிர்த்தித்தான் படம் எடுக்கிறார்கள். ஃபில்லில் போட்டால் மேலே கலசமும் இருக்காது, கீழே அந்த மனிதர்களும் இருக்க மாட்டார்கள். நடுவில் கொஞ்சம் கல் தெரியும்.

குடும்ப குரூப் போட்டோவில் இந்த வெட்டு இன்னும் வலிக்கும். 4-க்கு 3 அளவுள்ள படத்தை 16-க்கு 9 திரையில் ஃபில் செய்தால் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது, மேலே பாதி, கீழே பாதியாக. நம் குரூப் போட்டோவில் மேலே, கீழே யார் இருக்கிறார்கள்? பெரியவர்கள் நாற்காலியில் நடுவே உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் மருமகன்களும் கொழுந்தன்களும் நிற்பார்கள். தரையில் பிள்ளைகள் சம்மணம் போட்டிருக்கும். ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றுவிட்ட சித்தி, வயல் வேலைக்கு வருகிறவர், பக்கத்து வீட்டுப் பெண் எல்லோரும் பின்வரிசையின் ஓரத்தில்தான். வெட்டுப்படுவது எப்போதும் இவர்கள்தான். இன்னொன்றும் உண்டு. பழைய ஸ்டுடியோ படங்களில் அட்டையின் கீழ்மூலையில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகியோ முத்திரையாகவோ இருக்கும். கல்யாணம் எந்த ஊரில் நடந்தது, குடும்பம் அப்போது எங்கே இருந்தது என்பதற்குப் பல வீடுகளில் மிச்சமிருக்கும் ஒரே தடயம் அந்த முத்திரை. ஸ்கேன் செய்யும்போதும் அட்டையோடு சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். ஃப்ரேமிலும் ஃபிட்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் கறுப்புப் பட்டை விழுந்து அசிங்கமாக இருக்கிறதே என்பார்கள். கண்ணாடி போட்ட பழைய படங்களைச் சுற்றி நாலு விரற்கடை வெள்ளை அட்டை இருந்ததே, அதை யாரும் அசிங்கம் என்று சொன்னதில்லை. அந்த வெற்றிடம்தான் படத்தை எடுத்துக்காட்டியது. கறுப்பு உறுத்தினால், படத்தின் மங்கலான நிழலையே பின்னணியாக வைக்கும் வசதி பல ஃப்ரேம்களில் இருக்கிறது. முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்ப வெட்டும் புதிய கருவிகளும் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால், அவை நாலு முகத்தைப் பார்த்து நாற்பது முகத்தை விடுகிற வேலையைத்தான் இன்னும் செய்கின்றன.

நிறத்தின் கதை இதைவிட நீளமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலர் படம் கழுவும் கூடங்களுக்கெல்லாம் கோடாக் நிறுவனம் ஓர் அளவுப் படத்தை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. அதே அளவில் கழுவிய படங்களில் கறுத்த தோல் கரியாகத் தெரிந்தது. மர நாற்காலி விற்பவர்களும் சாக்லேட் தயாரிப்பவர்களும், தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் விளம்பரப் படங்களில் சரியாக வரவில்லை என்று குறை சொன்ன பிறகே ஃபிலிமைத் திருத்தும் முயற்சி நடந்தது என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். மனிதர்களின் முகத்துக்காக நடக்காத திருத்தம் நாற்காலிக்காக நடந்திருக்கிறது. 2021-ல் கூகுள் தன் பிக்சல் போனில் கறுத்த தோலையும் உள்ளபடி காட்டுவதற்கு ‘ரியல் டோன்’ என்று தனி ஏற்பாடே செய்ய வேண்டியிருந்தது. நம் பக்கம் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்டுடியோவில் டச்சிங் செய்து வெளுப்பாக்கிக் கொடுப்பது தொழில் மரியாதையாகவே இருந்தது. இன்று அதைப் போனே கேட்காமல் செய்துவிடுகிறது.

ஃப்ரேமில் ‘விவிட்’ என்றும் ‘டைனமிக்’ என்றும் வரும் அமைப்பு இந்தப் பழைய அநியாயத்தைத் தொடர்கிறது. கான்ட்ராஸ்ட் ஏறும்போது இருட்டுப் பகுதி இன்னும் இருட்டாகிறது, வெளிச்சப் பகுதி இன்னும் வெளுக்கிறது. வெயிலில் காய்ந்த ஒரு விவசாயியின் முகத்தில் கன்னச் சுருக்கமும் கண்ணோரக் கோடுகளும் இருக்கும் இடம் அந்த இருட்டுப் பகுதிதான். அவை அழிந்துவிட்டால் அவர் முகத்தில் அவருக்கென்று இருந்தது போயிற்று. இதைத் திருத்த எந்தக் கருவியும் வேண்டாம். வீட்டில் ஒரு படம் இருக்கும்: வெள்ளை வேட்டி கட்டியவரும், எண்ணெய் வைத்துத் தலை வாரிய பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. அதை ஃப்ரேமில் நிறுத்திவைத்துக்கொண்டு, நிற அமைப்பை முதலில் ‘நார்மல்’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்க வேண்டும். பிறகு வேட்டியின் மடிப்புக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும்வரை கான்ட்ராஸ்ட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மடிப்புத் தெரிந்ததும் கூந்தலைப் பார்க்க வேண்டும்; முடி ஒரே கறுப்புப் பட்டையாக இல்லாமல், வகிட்டிலிருந்து இறங்கும் இழைகள் பிரிந்து தெரியும்வரை பிரைட்னஸை ஏற்றி இறக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நடுவில் இருக்கும் எந்தத் தோலும் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். முதல் நாள் பார்ப்பதற்கு மங்கலாகத் தோன்றும். கடை வெளிச்சத்துக்குப் பழகிய கண் அது. நாலைந்து நாளில் சரியாகிவிடும்.

மாட்டும் இடத்தையும் செட்டிங்ஸாகவே எண்ண வேண்டும். நம் வீடுகளில் படம் நிலைக்கு மேலே, ஆள் உயரத்துக்கும் மேலே, கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி தொங்கும். காகிதப் படத்துக்கு அது பொருத்தம். விலை குறைந்த ஃப்ரேம்களில் இருக்கும் டிஎன் வகைத் திரை, நேராகப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகி முகம் கறுத்துவிடும். பாயில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு உயரத்தில் மாட்டிய டிஎன் திரையில் பாதிப் படம் விளங்காது. ஐபிஎஸ் திரையானால் எந்தக் கோணத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வாங்கும்போதே கேட்டு வாங்குவது நல்லது. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், அலமாரித் தட்டில், உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் வைப்பதே வழி.

படம் மாறும் வேகம் சின்ன விஷயமாகத் தெரியும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் முதல் குறையாக அதைத்தான் சொல்வார்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டு, “இது யாரு, நம்ம சின்ராசு மவனா?” என்று கேட்டு முடிப்பதற்குள் படம் போய்விடுகிறது. திரும்ப வருமா, எப்போது வரும் என்று தெரியாது. 500 படங்கள் பத்து விநாடிக்கு ஒன்றாக ஓடினால் 83 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அப்புறம் அதுவும் மின்விசிறி மாதிரி ஒரு அசைவு, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதே 500 படங்களைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடவிட்டால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். காலையில் ஒரு முகம் வருகிறது, அதைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது, அந்தப் பேச்சுக்கு இடம் இருக்கிறது. சறுக்கி வருவது, சுழன்று வருவது, கட்டம் கட்டமாக உடைவது போன்ற மாற்ற வித்தைகளையெல்லாம் நிறுத்திவிடலாம்.

காலம் கலைவது பற்றி முன்னே சொன்னேன். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றின் உள்ளேயும் எப்போது எடுத்தது, எந்த வாட்டத்தில் எடுத்தது என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கும். ஃப்ரேம் அதைப் படித்துத்தான் படங்களைத் தேதி வரிசையில் அடுக்குகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்குவதோடு அந்தக் குறிப்பும் உதிர்ந்துவிடுகிறது. நம் குடும்பப் படங்களில் பெரும்பாலானவை அந்த வழியாகத்தானே கைமாறுகின்றன. 1978-ல் நடந்த தாத்தாவின் கல்யாணப் படத்தைப் போன வருடம் ஸ்கேன் செய்திருந்தால், ஃப்ரேமுக்கு அது போன வருடத்துப் படம். பேத்தியின் காதுகுத்துக்குப் பிறகு தாத்தாவின் கல்யாணம் நடக்கும். பிள்ளைகளின் மனதில் குடும்பத்தின் முன்பின் வரிசை இப்படித்தான் குழம்புகிறது. இதற்குத் தீர்வு எளியது, கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரையும் ஆண்டில் தொடங்கி எழுத வேண்டும்: 1978, பிறகு ஊர், பிறகு பெயர்கள். ஃப்ரேமில் வரிசையைத் ‘தேதி’யிலிருந்து ‘பெயர்’ என்று மாற்றினால் காலம் ஒழுங்காக நடக்கும். தமிழ் எழுத்தை அறியாத மலிவு ஃப்ரேம்களில் பெயர் வெறும் கட்டங்களாகத் தெரியலாம். அப்படியானால் திரையில் பெயர் காட்டுவதை நிறுத்திவிட்டு, கோப்பில் தமிழிலேயே விட்டுவிடலாம். திரை எது என்பது மாறும், பெயர் நிலைக்க வேண்டும். இனி அனுப்புகிறவர்களும் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அளவும் குறிப்பும் அப்படியே வந்து சேரும்.

எல்லாவற்றையும்விட நிதானமாக யோசிக்க வேண்டியது, படங்களை வரிசையில்லாமல் கலைத்துக் காட்டும் ‘ஷஃபிள்’ என்ற ஒரு சொடுக்கைப் பற்றி. தமிழர் வீட்டுச் சுவரில் படங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இறந்தவர் படத்துக்குத்தான் சந்தனப் பொட்டு, குங்குமம், மாலை, அடியில் ஒரு சின்ன விளக்கு. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட மாட்டோம். போட்டால் வீட்டுப் பெண்கள் பதறிப்போவார்கள். டிஜிட்டல் ஃப்ரேம் ஒரே சட்டம், உள்ளே முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். தாத்தா தவறிய பிறகு, அவர் படம் அதில்தான் நன்றாக இருக்கிறது என்று ஃப்ரேமைச் சுற்றி மாலையைப் போட்டால், அடுத்த கணம் அந்த மாலைக்குள் பேரன் சிரிப்பான். கருமாதி வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் அந்தக் குடும்பம் படும் வேதனையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது மனித மனத்தை அறியாத பேச்சு. மாலை என்பது இவர் போய்விட்டார் என்று வீடு ஒப்புக்கொண்டதன் அடையாளம். அந்த ஒப்புதலை ஒரு கருவி எதேச்சையாக மற்றவர் மேலும் போடுவதை எந்தத் தாயும் ஏற்க மாட்டாள். அதனால் ஒன்று, மறைந்தவர்களுக்கென்றே தனி ஃப்ரேம் வைத்து அதில் வேறு எந்தப் படமும் ஏறாமல் பார்த்துக்கொள்வது. இல்லையென்றால் டிஜிட்டல் ஃப்ரேமுக்கு மாலை போடுவதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு, மாலைக்குக் காகிதப் படத்தையே வைத்துக்கொள்வது. இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மாலையை விட்டுவிட்டாலும் கேள்வி தீராது. கணவனை இழந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண், காலையில் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வரும்போது, பிறந்தநாள் கேக் படத்துக்கு அடுத்ததாக அவர் முகம் சட்டென்று வந்து நிற்கிறது. அது ஆறுதலா, குத்தா? இருவருக்கு இரண்டு விதமாக இருக்கும். ஒருத்திக்கே இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் இருக்கும். அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஷஃபிள் யாரையும் கேட்பதில்லை. பெரும்பாலான ஃப்ரேம்களில் ஃபோல்டர் அல்லது ஆல்பம் வாரியாகப் படம் ஓட்டும் வசதி இருக்கிறது. மறைந்தவர்களின் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, அவள் வேண்டும் என்னும்போது ஓடவிடலாம். திதியன்றும் ஆடி, தை அமாவாசைகளிலும் அதை மட்டும் நாள் முழுக்க வைக்கலாம். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இதே ஏற்பாடு உதவும்.

இவ்வளவு எதற்கு, அசல் படம் போனில் பத்திரமாகத்தானே இருக்கிறது, ஃப்ரேமில் எப்படித் தெரிந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். அசல் எங்கோ இருப்பது உண்மை. ஆனால், வீட்டில் உள்ளவர்கள் தினமும் பார்ப்பது எதை? போனைத் திறந்து 2016-க்குப் போய் ஒரு படத்தைத் தேடும் வழக்கம் அறுபது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு உண்டு? பத்து ஆண்டுகள் வெட்டுப்பட்ட படத்தையே பார்த்து வளரும் குழந்தைக்கு ஓரத்தில் நின்ற சித்தியைத் தெரியாது. அசலைத் தேட வேண்டும் என்ற எண்ணமும் வராது. இதற்கு நேர் எதிரான இன்னொரு வாதமும் உண்டு: காகிதப் படமே போதும், இந்த மின்சார வேலையே வேண்டாம் என்பது. காகிதத்தின் மேல் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் 1970, 80-களின் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் ஆல்பத்துக்குள் இருந்தபடியே மங்கி, படம் முழுக்கச் செம்மையேறிப் போயிருப்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். கரையான் வேறு. ஸ்டுடியோக்களின் கதையும் இப்படித்தான். தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களில் அழிந்துகொண்டிருந்த படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் காப்பாற்ற, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டமும் சேர்ந்து அவற்றை டிஜிட்டலாக்க வேண்டியிருந்தது. ஆகவே டிஜிட்டல் பிரதி தேவை; காகிதமும் தேவை. ஃப்ரேமுக்குள் இருக்கும் நினைவகத்தை மட்டும் பெட்டகம் என்று நம்பிவிடக் கூடாது. அது காட்டும் இடம். காக்கும் இடம் வேறாக இருக்க வேண்டும்.

வைஃபையில் இயங்கும் ஃப்ரேம்களை ஆதரிப்பவர்கள், துபாயில் இருந்தே பிள்ளை எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவான், அப்பாயி ரிமோட்டைத் தொடவே வேண்டாம் என்பார்கள். பேரனின் முதல் நடையை அன்றைக்கே பார்க்க முடிவது பெரிய காரியம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அந்தக் கூடத்தில் இருபத்து நாலு மணி நேரமும் இருப்பவர் ஒருவர், அதில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவெடுப்பவர் கடலுக்கு அப்பால் இன்னொருவர் என்ற ஏற்பாடு நல்லதில்லை. எந்தப் படம் வேண்டும், எது வேண்டாம், எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்பதையெல்லாம் போனில் கேட்டு, அவர் சொன்னபடி வைக்கலாமே. ரிமோட்டில் நிறுத்துவது, முன்னே போவது, பின்னே போவது ஆகிய மூன்று பட்டன்களைக் காட்டிக்கொடுத்தால் போதும். டிவி ரிமோட்டும் போனும் பழகிய கைகளுக்கு இது பாரமில்லை. பாதுகாப்பும் ஒரு காரணம். 2008 தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகளில் விற்ற இன்சிக்னியா ஃப்ரேம்கள் வைரஸோடு வந்ததை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2025 நவம்பரில் குவோக்கா என்ற பாதுகாப்பு நிறுவனம், உஹாலே செயலியில் இயங்கும் ஃப்ரேம்கள் சில, பவர் போட்டதுமே தீங்கான நிரல்களை இறக்கிக்கொள்கின்றன என்று அறிவித்தது. வீட்டுப் பெண்களின், குழந்தைகளின் படங்கள் இருக்கும் கருவி இது. பெயர் தெரியாத மலிவுக் கருவியை வீட்டு வைஃபையில் சேர்ப்பதைவிட, மெமரி கார்டை மட்டும் வைத்து ஓட்டுவது மேல். இணையத்தில் சேர்த்தால், படம் அனுப்பும் குறியீட்டைக் குடும்பத்துக்கு வெளியே கொடுக்கக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அதில் பெரிய செலவில்லை. 10 வாட் ஃப்ரேம் நாள் முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம் ஆகும். காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம் என்று டைமர் வைத்தால் 5 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். இலவச யூனிட் வரம்பைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் வீடுகளுக்கு இது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம். கூடத்தில்தான் எல்லோரும் படுக்கிறார்கள் என்பதால் தூக்கத்துக்காகவும் டைமர் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் சில ஃப்ரேம்களின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அப்போது டைமரும் தாறுமாறாகி நடுராத்திரியில் திரை எரியும். கடிகாரம் சரியான நேரத்திலேயே இருக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிச் சொருகி ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. கரண்ட் வந்ததும் தானாகப் படம் ஓடத் தொடங்கும் அமைப்பையும் அப்போதே போட்டுவிடலாம்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு, என்றோ ஒரு நாள் கருவி முரண்டு பிடிக்கும். யாரோ ஒருவர் ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுப்பார். எல்லாம் போய், கடையில் இருந்த நிலைக்கே திரும்பிவிடும். அதனால் வீட்டார் கூடிப் பேசி வைத்த அமைப்பை ஒரு தாளில் தமிழில் எழுதி ஃப்ரேமின் முதுகில் ஒட்டிவிட வேண்டும்: ஃபிட், நார்மல் நிறம், பிரைட்னஸ் எத்தனை, கான்ட்ராஸ்ட் எத்தனை, பதினைந்து நிமிடம், பெயர் வரிசை, ஷஃபிள் கிடையாது, எந்த ஃபோல்டர் எந்த நாளில், காலையும் மாலையும் எத்தனை மணி. மெமரி கார்டின் நகல் ஒன்றைப் பத்திரம், பட்டா, குடும்ப அட்டை இருக்கும் பெட்டியில் போட்டு, இன்னொன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும்.